மேல் கண்மாயும் கீழ் கண்மாயும் சேர்ந்து நீர்த்திட்டம் போடுவது எப்படி? ஊராட்சிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஓடி வரும் தண்ணீர் ஊராட்சி எல்லைக்கல்லைப் பார்த்து நிற்காது. ஆனால் நம் மதிப்பீடு, நிதி, தீர்மானம், திறப்பு விழாக் கல்வெட்டு எல்லாமே அந்த எல்லைக்குள்தான் அடங்கிக் கிடக்கின்றன. விளைவு என்ன என்று மதுரை, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் பக்கம் போனால் தெரியும். கண்மாயைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையையும் புதிதாகக் கட்டியிருப்பார்கள், மழையும் பெய்திருக்கும், ஆனால் தண்ணீர் வந்திருக்காது. ஏனென்றால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இரண்டு கிலோமீட்டர் மேலே, பக்கத்து ஊராட்சியில், யாருடைய தோப்புக்குள்ளோ காணாமல் போயிருக்கும்.

இந்த வழிகாட்டி ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், ஊராட்சிச் செயலர்கள், பாசனதாரர்கள், ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர்கள் ஆகியோருக்கானது. கண்மாய் என்று எழுதும் இடங்களில் வட மாவட்டக்காரர்கள் ஏரி என்று படித்துக்கொள்ளுங்கள், வேலை ஒன்றுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊராட்சியிடம் பெரிய பணம் கிடையாது, பொறியாளர் கிடையாது, பெரிய கண்மாய்கள்கூட அதன் கையில் இல்லை. ஆனால் நாலு ஊரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது, கிராம சபையில் தீர்மானம் போடுவது, கணக்கையும் ஆவணத்தையும் ஊர் அறிய வைப்பது ஆகிய மூன்றையும் ஊராட்சி அளவுக்கு வேறு எந்தத் துறையாலும் செய்ய முடியாது. கூட்டு நீர்த்திட்டத்தில் ஊராட்சியின் உண்மையான பங்கு இதுதான். ஜேசிபி வாடகைக்கு எடுப்பதெல்லாம் அப்புறம் வருகிற வேலை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பதினோராவது அட்டவணையைச் சேர்த்தது. ஊராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய பொறுப்புகளின் அந்தப் பட்டியலில் மூன்றாவதாக இருப்பது சிறுபாசனம், நீர் மேலாண்மை, நீர்வடிப்பகுதி (மழைநீர் ஓரிடத்துக்கு வடிந்து வரும் நிலப்பரப்பு) மேம்பாடு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. பக்கத்து உள்ளாட்சி அமைப்புகளோடு சேர்ந்து பொதுவான காரியத்துக்குக் கூட்டுக்குழு அமைக்கவும் அதில் இடம் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது வேறு கதை.

முதல் படி: உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

தென் மாவட்டக் கண்மாய்களில் பெரும்பாலானவை தனியாக நிற்பவை அல்ல. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு வரும், அது நிரம்பினால் அதற்கு அடுத்தது, இப்படியே போய்க் கடைசியில் ஆற்றிலோ கடலோரத்திலோ முடியும். உங்கள் திட்டத்தின் எல்லை இந்தத் தொடர்தான். ஒரு தொடரில் நாலு கண்மாயும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். நாற்பது இருந்தால் மொத்தத்தையும் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு மேலே இரண்டு மூன்று, கீழே இரண்டு மூன்று என்று தொடங்கினால் போதும்.

இதற்கு வரைபடங்கள் இருக்கின்றன: இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம், இஸ்ரோவின் புவன் இணையதளம், வருவாய்த் துறையின் கிராம வரைபடம். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாமல், ஊரில் மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவரையும் ஆடு மேய்ப்பவரையும் கூட்டிக்கொண்டு வரத்துக்காலில் நடந்து மேலே போங்கள். எந்த இடத்தில் ரோட்டுக்கு அடியில் குழாய்ப் பாலம் சின்னதாகப் போட்டுத் தண்ணீர் திரும்பிவிட்டது, எந்த வருடம் எந்த உடைப்பு ஏற்பட்டது என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். கைப்பேசியில் இடக்குறியோடு படம் எடுத்துக்கொண்டே நடங்கள், பின்னால் மனு எழுதும்போது அது பெரிய உதவி.

இரண்டாம் படி: எது யாருடையது

பாதி வேலைகள் நின்றுபோவது இந்த இடத்தில்தான். பொதுவான விதி இப்படி: ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேல் இருந்தால் அந்தக் கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும் (2021 வரை இது பொதுப்பணித் துறைக்குள் இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் பிடபிள்யூடி கண்மாய் என்றுதான் சொல்வார்கள்). அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். குட்டை, ஊருணி, குடிநீர்க் குளம் போன்றவை கிராம ஊராட்சியிடம். இது போக வனத்துறை எல்லைக்குள் இருப்பவை, கோயில் குளங்கள், தனியார் பட்டாவில் மாட்டியவை என்று சில இருக்கும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. அதில் நீர்வளத் துறையிடம் இருப்பது சுமார் 14,000, மீதியில் பெரும்பகுதி ஒன்றியங்களிடம்.

ஒரே தொடரில் முதல் கண்மாய் ஒன்றியத்துடையது, இரண்டாவது நீர்வளத் துறையுடையது, மூன்றாவது மறுபடி ஒன்றியம், நடுவில் போகும் ஓடை வருவாய்த் துறைப் புறம்போக்கு என்று இருப்பது சர்வ சாதாரணம். எனவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கண்மாய் பெயர், புல எண், பரப்பு, ஆயக்கட்டு, யார் பொறுப்பு, மடை எத்தனை, கலிங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து போகும் இடம்) எத்தனை, வரத்துக்கால் எந்தெந்தப் புல எண் வழியாக வருகிறது என்று எழுதுங்கள். ஊர் நிலங்களின் விவரம் எழுதிய அ-பதிவேடும் புல வரைபடமும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம், புல வரைபடத்தை இணையத்திலும் எடுக்கலாம். நீர்வளத் துறைக் கண்மாய் என்றால் அவர்களிடம் முழுக் கொள்மட்டம், மடையின் அடிமட்டம் எல்லாம் குறித்த பழைய குறிப்பேடு இருக்கும். கேட்டு வாங்குங்கள், கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மூன்றாம் படி: உட்கார வைப்பது

எனக்குத் தெரிந்து இதுதான் மிகக் கடினமான படி. மேல் ஊர்க்காரருக்கு உங்கள் கூட்டத்துக்கு வர எந்தக் கட்டாயமும் இல்லை, தண்ணீர் முதலில் அவரிடம்தானே வருகிறது. எனவே முதல் கூட்டத்திலேயே "நீங்கள் கலிங்கில் மண் மூட்டை அடுக்கினீர்கள்" என்று ஆரம்பித்தால் அன்றோடு கதை முடிந்தது. அவருக்கும் ஒரு தேவை இருக்கும். அவருடைய கரை பலவீனமாக இருக்கலாம், மறுகால் தண்ணீர் போக வழியில்லாமல் அவர் ஊர்ப் பயிர் மூழ்கிக்கொண்டிருக்கலாம். கீழே தண்ணீர் வெளியேறும் போக்குக்கால் அடைபட்டிருந்தால் வெள்ளக்காலத்தில் முதல் அடி வாங்குவது மேல் ஊர்தான். அதைத் தெரிந்துகொண்டு போங்கள். உங்களுக்கு வரத்துக்கால் வேண்டும், அவருக்குப் போக்குக்கால் வேண்டும், பல இடங்களில் இரண்டும் ஒரே கால்வாய்தான்.

யார் யாரைக் கூப்பிடுவது? ஊராட்சித் தலைவர்கள், ஒன்றியக் கவுன்சிலர், பாசனதாரர்கள், மீன் குத்தகைதாரர், கிராம நிர்வாக அலுவலர், ஒன்றியப் பொறியாளர் அல்லது பணி மேற்பார்வையாளர், நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர். பெரும்பாலும் பட்டியல் இதோடு நின்றுவிடும், நிறுத்தாதீர்கள். நிலமில்லாதவர்கள், ஆடு மாடு வைத்திருப்பவர்கள், குடிநீருக்குக் குடம் தூக்கும் பெண்கள் இல்லாத கூட்டத்தில் பேச்சு முழுக்க நெல்லைப் பற்றித்தான் இருக்கும். ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டிய ஊருணி எந்தத் திட்டத்திலும் சேராமல் விட்டுப்போவது தற்செயல் இல்லை. அந்தக் கூட்டத்தில் யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தாலே காரணம் புரியும். கூட்டத்தைச் சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ வைக்காமல் எல்லோரும் தயங்காமல் வரக்கூடிய இடமாக, பள்ளிக்கூடமோ ஊராட்சி அலுவலகமோ பார்த்து வையுங்கள்.

தொடர் ஒரு பேரூராட்சி அல்லது நகராட்சி வழியாகப் போனால் அவர்களையும் சேர்த்தே ஆகவேண்டும். டவுனைத் தாண்டி வரும் கால்வாயில் பாதி சாக்கடைதான் வருகிறது. கிராம சபைத் தீர்மானம் நகராட்சியைக் கட்டுப்படுத்தாது என்பதால் இங்கே மட்டும் மாவட்ட ஆட்சியர் வழியாகப் போவதுதான் வேகமான வழி.

நான்காம் படி: தண்ணீர்க் கணக்கு

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் 10 கன மீட்டர் தண்ணீர். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. உங்கள் கண்மாய்க்கு 500 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு, ஒரு நாளில் 50 மி.மீ. மழை பெய்கிறது என்றால் விழுந்தது 2,50,000 கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வருவதாக வைத்தால் 50,000. கண்மாயின் நீர்ப்பரப்பு 8 ஹெக்டேர், சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் கொள்ளளவு 96,000 கன மீட்டர். அதாவது இப்படி இரண்டு நல்ல மழை வேண்டும். இப்போது மேல் ஊர்க்காரர்கள் 10 ஹெக்டேர் பரப்புள்ள தங்கள் கண்மாயின் கலிங்கை ஒரு அடி, அதாவது 30 செ.மீ., உயர்த்துகிறார்கள் என்று வையுங்கள். 30,000 கன மீட்டர் அங்கேயே நின்றுவிடும். வழியில் 5,000 கன மீட்டர் பிடிக்கும் தடுப்பணைகள் மூன்று கட்டினால் இன்னும் 15,000. ஆக, ஒரு மழையின் தண்ணீர் கிட்டத்தட்ட முழுதாக மேலேயே நின்றுபோனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எல்லாம் "நீர் சேமிப்பு"தான். எங்கே, எவ்வளவு என்று தொடர் முழுவதற்கும் சேர்த்து யோசிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

செலவுப் பக்கமும் போடுங்கள். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர், அதாவது 12,000 கன மீட்டர். இந்தக் கணக்கில் ஒரு முறை நிரம்பிய அந்த 96,000 கன மீட்டர், இடையில் மழையே இல்லாவிட்டால், 8 ஹெக்டேருக்குத்தான் வரும். 400 மி.மீ. போதும் என்கிற சிறுதானியம் என்றால் 24 ஹெக்டேர். ஆவியாவது ஒரு நாளைக்கு 5 மி.மீ. என்று வைத்தால்கூட நூறு நாளில் அரை மீட்டர் காணாமல் போகும். இந்தக் கணக்கைச் சுண்ணாம்பில் சுவரில் எழுதிப் போட்டால் போதும், எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் மற்ற பயிர் என்ற பேச்சு தானாகத் தொடங்கும். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமம் அந்த வருட மழையைப் பார்த்து எந்தப் பயிர் போடுவது என்று கிராம சபையில் முடிவு செய்வதற்குப் பேர்போனது. அது ஒரே ஊர் என்பதால் அங்கே சுலபம். நாலு ஊருக்கு இதைச் செய்வது கொஞ்சம் இழுபடும்.

ஐந்தாம் படி: ஒரே வாசகம், நாலு தீர்மானம்

2022 முதல் தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் அன்று தண்ணீர் பற்றிப் பேச யாரும் தடுக்க முடியாது. தொடரில் உள்ள எல்லா ஊராட்சிகளும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் தீர்மானம் போட வேண்டும். "கண்மாயைத் தூர்வார வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும். இப்படி எழுதுங்கள்:

"புல எண் … இல் உள்ள … கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்காலை (புல எண்கள் …) அளவீடு செய்து எல்லைக்கல் நட வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வது எனவும், அதன் மேற்பகுதி அமைந்துள்ள … ஊராட்சியுடன் கூட்டாக இப்பணியை மேற்கொள்வது எனவும், இதை இந்த ஆண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பது எனவும் தீர்மானிக்கப்படுகிறது."

தீர்மான நகலை அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் இயக்கம் 2018 முதல் வழக்கமாக அக்டோபர் 2 தொடங்கி ஜனவரி இறுதி வரை நடக்கிறது. நம் வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான் வருகிறது. எனவே மழை பெய்யும்போதே போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே திரும்புகிறது என்று வீடியோ எடுத்து அந்தத் திட்டத்துக்கே ஆதாரமாக வைக்கலாம்.

தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்தில்? கிராம சபை அப்போதும் உண்டு. கிராம சபை என்பது வாக்காளர்கள் எல்லோரும்தான், தலைவர் இல்லாததால் அது இல்லாமல் போய்விடாது.

ஆறாம் படி: எந்த வேலை முதலில், எந்தப் பணத்தில்

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்பதுதான் நீர்வடிப்பகுதி வேலையின் அடிப்படை ஒழுங்கு. முதலில் குன்றுச் சரிவில், தரிசில் மண் அரிப்பைத் தடுக்கும் வரப்பு, அகழி, கல் தடுப்பு. அடுத்து ஓடை, வரத்துக்கால். அப்புறம்தான் கண்மாய். கடைசியில் ஆயக்கட்டு வாய்க்கால். நடைமுறையில் எல்லோரும் தலைகீழாகக் கண்மாயில் ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் அங்கேதான் புகைப்படம் நன்றாக விழும். மேலே மண் அரிப்பு நிற்காத வரை தூர்வாரிய கண்மாய் மறுபடி தூர்ந்துகொண்டேதான் இருக்கும்.

தூர்வாரும்போது கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை சரியும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மாட்டுக்கும் மீனுக்கும் உதவும், ஆனால் வயலுக்குத் தானாகப் பாயாது. வண்டல், கரம்பை எடுத்து வயலுக்கு அடிக்க விரும்பும் விவசாயிகளுக்கு 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே இலவச அனுமதி கிடைக்கிறது. உங்கள் கண்மாய் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பேரில் சவுடு மண் லாரி லாரியாக வெளியூர் போனால் ஊராட்சி சும்மா இருக்கக்கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரே திட்டத்தில் எல்லாம் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். பிரித்துப் பிரித்து வையுங்கள். மண் வேலை, வாய்க்கால் வெட்டு, வரப்பு போன்றவற்றுக்குக் கிராமப்புற வேலை உறுதித் திட்டம், அதாவது ஊரில் நூறு நாள் வேலை என்று சொல்வது. அதன் விதிகளை மத்திய அரசு மாற்றிக்கொண்டே இருக்கிறது, மதிப்பீடு போடும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 15ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குறிப்பிட்ட செலவுகளுக்கு மட்டுமே என்று கட்டப்பட்டது, அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கு. பிரதமர் விவசாயப் பாசனத் திட்டத்தின் நீர்வடிப்பகுதிப் பிரிவில் உங்கள் பகுதி தேர்வாகியிருந்தால் 2021இல் வந்த வழிகாட்டுதல்படி சமவெளியில் ஹெக்டேருக்கு ரூ.22,000, மலைப்பகுதியில் ரூ.28,000 வரை. அந்தத் திட்டத்தின் நீர்வடிப்பகுதிக் குழுவை அமைப்பது கிராம சபைதான், ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். மதகு, கலிங்கு போன்ற கட்டுமானம் நீர்வளத் துறை அல்லது ஒன்றிய நிதியில். விட்டுப்போனவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, நமக்கு நாமே திட்டம்.

ஏழாம் படி: ஆக்கிரமிப்பு

கண்மாய் நீர்வளத் துறையுடையது என்றால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொருந்தும். ஒன்றியக் கண்மாய், ஓடை, புறம்போக்கு என்றால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், நடவடிக்கை வருவாய்த் துறையிடம். தவறான சட்டத்தைக் குறிப்பிட்டு மனு போட்டால் அது மேசை மேசையாகச் சுற்றும், அதனால்தான் இரண்டாம் படியில் அவ்வளவு அழுத்திச் சொன்னேன். ஊரின் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். வரத்துக்காலில் குடிசை போட்டிருக்கும் ஏழைக்கு முதல் நோட்டீஸும் தென்னந்தோப்புக்குக் கடைசி நோட்டீஸும் போனால் ஊர் இரண்டாகும், மொத்தத் திட்டமும் அதோடு படுத்துவிடும். அளவீடு முழுத் தொடருக்கும் ஒன்றாக நடக்கட்டும், தோப்பிலிருந்து தொடங்கட்டும். வீடு இழப்பவருக்கு மாற்று மனை கேட்டு அதே கிராம சபையில் இன்னொரு தீர்மானமும் போடுங்கள்.

எட்டாம் படி: எழுத்தில் ஓர் ஒப்பந்தம்

பேச்சில் ஒத்துக்கொண்டது ஒரு வறட்சிக்குத் தாங்காது. கலிங்கின் மட்டம் எவ்வளவு, அதில் பலகையோ மண் மூட்டையோ வைக்கலாமா கூடாதா, தண்ணீர் குறைவான வருடத்தில் மேல் கண்மாய் எந்த அளவு நிரம்பியதும் கீழே விடுவது, மடை திறக்கும் தேதியை யார் முடிவு செய்வது, வரத்துக்காலை எந்த ஊர் எங்கிருந்து எதுவரை சுத்தம் செய்வது, நீர்பாய்ச்சிக்குக் கூலி யார் தருவது என எல்லாவற்றையும் எழுதி, எல்லா ஊராட்சிகளின் தீர்மானப் புத்தகத்திலும் ஒட்டுங்கள். கலிங்கு மட்டத்தைப் பொறியாளரை வைத்து அளந்து, அழியாத ஒரு கல்லில் குறித்துவிடுங்கள். நீர்வளத் துறைக் கண்மாயின் மட்டத்தை ஊர்கள் தாங்களாக மாற்ற முடியாது, அதற்கு அவர்கள் கையெழுத்தும் வேண்டும்.

மீன் பாசிக் குத்தகையைத் தனியாகக் கவனியுங்கள். குத்தகைதாரருக்கு மீன் பிடிக்கத் தண்ணீர் வற்ற வேண்டும், விவசாயிக்குக் கடைசி நனைப்புக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். ராத்திரியில் மடையைத் திறந்துவிட்ட சண்டைகள் எத்தனை! குத்தகை நிபந்தனையிலேயே குறைந்தபட்ச நீர்மட்டத்தை எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். குத்தகைப் பணத்திலும் சீமைக்கருவேல மர ஏலப் பணத்திலும் ஒரு பங்கு பராமரிப்புக்கு என்று ஊராட்சி ஒதுக்கலாம்.

ஒன்பதாம் படி: வருடா வருடம்

ஆவணி, புரட்டாசியில் பருவமழைக்கு முன் எல்லா ஊரும் ஒரே வாரத்தில் வாய்க்கால் சுத்தம். ஒவ்வொரு கண்மாயிலும் ஓர் அளவுகல், தொடருக்கு இரண்டு மழைமானி. பள்ளிப் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். மழைக்குப் பிறகு எந்தக் கண்மாய் எத்தனை அடி என்று வாட்ஸப் குழுவில் போட்டால் மேல் ஊரில் நிரம்பியதைக் கீழ் ஊர் வதந்தி இல்லாமல் தெரிந்துகொள்ளும். வெள்ள நேரத்தில் இதே குழு எச்சரிக்கைக்கும் ஆகும். தையில் ஒருமுறை கூடி அந்த வருடக் கணக்கைப் பார்த்து ஒப்பந்தத்தில் எது ஒத்துவரவில்லை என்று திருத்துங்கள்.

மேல் ஊர் எதற்குமே ஒத்துவரவில்லை என்றால்? முதலில் உங்கள் பக்கத்து வேலையையும் உங்களுக்குக் கீழே உள்ளவர்களோடு ஒப்பந்தத்தையும் முடித்துவிடுங்கள், நீங்களே கீழ் ஊருக்கு மேல் ஊர் என்பதை மறக்க வேண்டாம். பிறகு மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு இரண்டு மூன்று ஊராட்சிகள் சேர்ந்து போங்கள். நீர்வளத் துறை, வருவாய்த் துறை, வேளாண் பொறியியல் துறை அதிகாரிகள் ஒரே அறையில் கிடைக்கும் இடம் அதுதான். மனுவோடு புல வரைபடம், தீர்மான நகல்கள், அளவுகல் குறிப்பு, மழைக்கால வீடியோ எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.